ஆபரணப் பெட்டி வரும் வழி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் செங்கோட்டைப் பக்கம். பெங்களூரில் வேலை. போன மாதம் நண்பர்கள் நாலு பேரோடு செங்கோட்டையில் ரயில் ஏறிக் கொல்லம் போய்வந்தேன். அந்த மலையைப் பார்த்தே வளர்ந்தவன் என்றாலும் ரயிலில் கணவாயைக் கடந்தது இதுதான் முதல் தடவை. குகைக்குள் நுழையும்வரை தமிழ்நாடு, வெளியே வந்தால் வேறு உலகம். ஒரே பச்சை. அதை ஒரு பயணக் கட்டுரையாக எழுதி இணைத்திருக்கிறேன்.

பயணக் கட்டுரை எழுத எப்படித் தயாராவது? அந்த இடத்தின் வரலாற்றைப் போவதற்கு முன்பே படிக்க வேண்டுமா, வந்தபிறகு படித்தால் போதுமா? நீங்கள் நோட்டில் குறிப்பு எடுப்பீர்களா, போனிலா? தென்மலை என்பது சரியா, தேன்மலை என்பது சரியா? இன்னொன்று. புனலூரில் ஒரு கடையில் எங்களைக் காட்டி ‘பாண்டி’ என்று பேசிக்கொண்டார்கள். அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நம் ஊரில் பார்க்க ஒன்றும் இல்லை என்றுதானே மலையைத் தாண்டிப் போகிறோம், போன இடத்தில் இப்படி.

உங்கள் வாசகன்

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் எங்கள் ஆச்சியின் தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்ததில் அது கீழே வந்தது. உள்ளே ஒரு நிலப் பத்திரம். மடிப்பெல்லாம் விட்டுப்போன தாள், மேலே திருவிதாங்கூர் அரசின் சங்கு முத்திரை, ஆண்டு 1109 என்று எழுதியிருக்கிறது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே ‘குகைக்குள் நுழையும்வரை தமிழ்நாடு, வெளியே வந்தால் வேறு உலகம்’ என்ற உங்கள் வரியைப் படித்தேன். அதனால்தான் இந்தப் பதில் கொஞ்சம் நீளமாகப் போகும்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். நோட்டா போனா என்றால், எது கையில் இருக்கிறதோ அது. தேன் என்ற பொருளில்தான் மலையாளத்தில் அந்தப் பெயருக்கு விளக்கம் சொல்கிறார்கள். நம் ஆட்கள் தென்மலை என்கிறார்கள். இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும். ஊர்ப்பெயருக்கு வேர் தேடுகிற வேலையை அந்த ஊரில் நாலு பேரோடு பேசிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

‘பாண்டி’ என்று சொன்னது உங்களுக்கு வலித்திருக்கிறது. கேலியாகத்தான் சொன்னார்கள் என்றால் அது அவர்கள் தப்பு, அந்த வலியைச் சின்னது என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கும் அந்த வயதில் வலித்தது. ஆனால் மலைக்கு மேற்கே இருக்கிறவருக்குக் கிழக்கே உள்ளது பாண்டிய நாடு, அங்கிருந்து வருகிறவன் பாண்டி. மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவில் சாஸ்தாவின் (நம் ஐயப்பன்தான்) திருக்கல்யாண விழாவில் ஒரு சடங்குக்குப் பெயரே ‘பாண்டியன் முடிப்பு’. கோயிலுக்குள் மரியாதையோடு புழங்குகிற சொல்லைக் கடையில் யாரோ இளக்காரமாகச் சொன்னார் என்பதற்காக அவரிடமே விட்டுவிட்டு வராதீர்கள்.

சரி, உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். பதின்மூன்று கண் பாலத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். ரயிலுக்கு முன்னும் பின்னும் எஞ்சின் மாட்டியிருந்ததைக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். ஏற்றம் அவ்வளவு கடுமை என்பதால்தான் அந்த ஏற்பாடு. அந்தப் பகுதி நன்றாக வந்திருக்கிறது. மனதாரச் சொல்கிறேன், உங்களுக்குக் கண் இருக்கிறது. ஆனால் அந்தக் கண்ணைச் செங்கோட்டை ஸ்டேஷனில் ரயில் கிளம்பிய பிறகுதான் திறந்திருக்கிறீர்கள். அதற்கு முன்னால் உள்ள இருபத்தைந்து வருடமும் உங்கள் கட்டுரையில் ஒரே ஒரு வரி: ‘நம் ஊரில் பார்க்க ஒன்றும் இல்லை.’ கடிதத்திலும் அதையே எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு வரிக்காக உங்களைத் திட்டத்தான் போகிறேன்.

தம்பி, 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை தமிழ்நாட்டில் இல்லை. திருவிதாங்கூரில் இருந்தது, 1949-இலிருந்து திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அப்போது உங்கள் ஊர்க்காரர் எல்லையைக் கடப்பது என்றால் கிழக்கே எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற தென்காசிக்குப் போவது. தென்காசி வெள்ளைக்காரனின் திருநெல்வேலி ஜில்லா. செங்கோட்டையில் மகாராஜாவின் சக்கரம். ஒரு பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரை சக்கரம், ஒரு சக்கரத்துக்குப் பதினாறு காசு. சந்தைக்குப் போகிற பெண்கள் இந்தக் கணக்கை விரல்விட்டே போட்டார்கள் என்று ஆச்சி சொல்லுவாள். ‘அரைச் சக்கரத்துக்கு நாக்கை விக்கிறவன்’ என்று அவள் யாரையாவது வைதால் அது எந்தச் சக்கரம் என்று எனக்கு வெகுநாள் தெரியாது. வண்டிச் சக்கரம் என்றே நினைத்திருந்தேன்.

எல்லை என்று நீங்கள் நினைக்கிற கோடு உங்கள் ஊருக்குக் கிழக்கே இருந்தது. ஒருநாள் மேற்கே நகர்ந்து புளியரையைத் தாண்டி மலைமேல் போய் நின்றுகொண்டது. ஆச்சி அன்றைக்கும் அதே திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தாள். அதே வயல், அதே கிணறு, புனலூரில் கட்டிக்கொடுத்த அதே மகள். காலையில் எழுந்தபோது மகள் வேறு மாநிலத்தில் இருந்தாள். செங்கோட்டை நுழைவாயில் வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை இருக்கிறது. அதற்கடியில் நீங்கள் எத்தனை ஆயிரம் தடவை போய்வந்திருப்பீர்கள்? அந்தச் சங்கு அங்கே எதற்கு என்று யாரிடமாவது கேட்டதுண்டா? பதின்மூன்று கண்ணை எண்ணத் தெரிந்த உங்களுக்கு இது ஏன் கண்ணில் படவில்லை?

வாஞ்சிநாதன் நம் ஊர்க்காரர் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகப் படித்திருப்பீர்கள். 1911 ஜூன் 17, மணியாச்சி, ஆஷ் துரை, எல்லாம் மனப்பாடம் இருக்கும். அவர் எங்கே வேலை பார்த்தார்? புனலூரில், திருவிதாங்கூர் வனத்துறையில். பிறந்த ஊருக்கும் வேலைக்கும் நடுவே இந்த மலை, 1904 முதல் இந்த ரயில் பாதை. நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து ‘வேறு உலகம்’ என்று எழுதிய வழி நம்மவர்கள் வேலைக்குப் போய்வந்த வழி.

பச்சையைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். குகைக்கு அந்தப் பக்கம் பச்சை, இந்தப் பக்கம் வறட்சி என்று எழுதியிருக்கிறீர்கள். செங்கோட்டையில் வளர்ந்தவர் இப்படி எழுதலாமா? அந்தக் கணவாய் மலைத்தொடரில் ஒரு பள்ளம். தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியாகப் புகுந்து வருவதால்தான் ஆனி ஆடியில் திருநெல்வேலிச் சீமை முழுக்கக் காய்ந்து கிடக்கும்போது நமக்கு மட்டும் சாரல். குற்றாலத்தில் தண்ணீர் விழுவதும் அதே காற்றால். துணி காயாமல் வீட்டுக்குள் கொடி கட்டிக் காயப்போட்ட ஞாபகம் உங்களுக்கு இல்லையா? அம்மாவிடம் கேளுங்கள். நீங்கள் மேற்கே தேடிப்போன மழையில் ஒரு பங்கு தினமும் உங்கள் வீட்டு ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது.

பார்க்க ஒன்றும் இல்லை என்கிறீர்களே, ஆடி மாதம் சுந்தரபாண்டியபுரத்துக்குப் போய் நில்லுங்கள். சூரியகாந்தி பூத்திருப்பதைப் பார்க்கக் கொல்லத்திலிருந்தும் பத்தனம்திட்டையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வரப்பில் நிற்கிறார்கள். அவர்களுக்கு நம் வயலும் வெட்டவெளியும் பார்க்கப் பார்க்கத் தீரவில்லை.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். ஆச்சியின் தகரப் பெட்டி இல்லை, வேறு பெட்டி.

அச்சன்கோவில் சாஸ்தாவுக்கு மார்கழியில் திருவிழா. கேரளத்தில் தேர் ஓடும் கோயில்கள் குறைவு, அங்கே நம் பக்கம் போலவே தேர் இழுக்கிறார்கள். சாமியின் நகைகள் வருடம் முழுக்கப் புனலூரில் கருவூலத்தில் இருக்கும். திருவிழாவுக்கு அவற்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோவார்கள். புனலூரும் கேரளம், அச்சன்கோவிலும் கேரளம். நடுவே காட்டுவழி ஒன்று உண்டு. ஆனால் பெட்டி வருவது நம் வழியாக. புனலூர், தென்மலை, ஆரியங்காவு, அங்கே மலையிறங்கிப் புளியரை, செங்கோட்டை, தென்காசி, பிறகு பண்பொழி வழியாக மறுபடி மலையேறி அச்சன்கோவில். கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக ஒரு சாமியின் நகை தமிழ்நாட்டுக்குள் வந்து போகிறது. கேரளப் போலீஸ் துப்பாக்கியோடு காவலுக்கு வருகிறது, நம் போலீஸும் சேர்ந்துகொள்கிறது. தென்காசியில் காசிவிசுவநாதர் கோயில் முன்னால் ஜனம் கூடி வரவேற்கிறது. கோடு போட்டவர்கள் யாரும் இந்தப் பெட்டியை யோசித்திருக்க மாட்டார்கள். கோடு போட்ட பிறகும் பெட்டி அதன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். பெட்டி வருகிற அன்று ஆச்சி விடியுமுன் குளித்துவிடுவாள். எனக்கும் தலையில் தண்ணீர் ஊற்றி, ஈரம் சொட்டச் சொட்ட ரோட்டோரம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவாள். கையில் ஒரு தட்டு, தேங்காய் பழம், கொஞ்சம் பிச்சிப்பூ. மலையிலிருந்து இறங்குகிற ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்போம். ஒரு வருடம் பெட்டி வர நேரமாகிவிட்டது. மதியமும் ஆகிவிட்டது, எனக்குப் பசி. வீட்டுக்குப் போவோம் என்று அழுதேன். ‘சம்பந்தி வீட்டு நகை நம்ம வாசலைத் தாண்டிப் போகுது, நாம நிக்காம யாருலே நிப்பா?’ என்று கேட்டாள். சாமி எப்படி நமக்குச் சம்பந்தி ஆவார் என்று நான் கேட்கவில்லை. அவள் சொன்ன குரலில் அது அவ்வளவு சாதாரணமாக இருந்தது.

பல வருடம் கழித்து ஆரியங்காவில் திருக்கல்யாணம் பார்க்கப் போனபோதுதான் அந்தச் சொல் எங்கிருந்து அவளுக்கு வந்திருக்கும் என்று தோன்றியது. மதுரையிலிருந்து பட்டு விற்கத் திருவிதாங்கூருக்குப் போன சௌராஷ்டிர வியாபாரி, ஆரியங்காவில் மகள் புஷ்கலையை விட்டுப்போனார், திரும்பி வருவதற்குள் அவள் சாஸ்தாவோடு கலந்துவிட்டாள் என்பது கதை. அதனால் இன்றுவரைக்கும் மார்கழித் திருக்கல்யாணத்துக்கு மதுரை சௌராஷ்டிரர்கள் சீர்வரிசையோடு பெண்வீட்டாராக வருகிறார்கள். திருவிதாங்கூர் தேவசம் போர்டு மாப்பிள்ளை வீட்டாராக நின்று அவர்களைச் சம்பந்தி என்று அழைத்து உபசரிக்கிறது. வீட்டில் சௌராஷ்டிரமும் வெளியே தமிழும் பேசுகிறவர்கள், மலையாளம் பேசுகிற அதிகாரிகளின் கையைப் பிடித்துக்கொண்டு பெண் கொடுத்த உரிமையில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தூண் ஓரமாக நின்று வெகுநேரம் அழுதேன். பக்கத்திலிருந்த ஒரு அம்மா தண்ணீர் கொடுத்தார். உங்கள் ரயில் ஆரியங்காவு வழியாகத்தான் போனது. நீங்கள் அந்த இடத்தில் எழுதியிருப்பது ‘சிக்னல் கிடைக்கவில்லை’ என்பது மட்டும்.

முன்பே படிக்க வேண்டுமா, வந்தபிறகா என்று கேட்டிருந்தீர்கள். படியுங்கள், எப்போது வேண்டுமானாலும். ஆனால் அதற்கு முன்னால் வீட்டில் இருக்கிற வயசாளிகளிடம் கேளுங்கள், அவர்கள் இருக்கும்போதே. நான் அதைச் செய்யத் தவறியவன். ‘நான் தொண்ணூத்தொம்பது வெள்ளத்துக்கு மூணு வருசம் முந்திப் பொறந்தவ’ என்று ஆச்சி சொல்லும்போதெல்லாம் கிழவிக்குக் கணக்கு வராது என்று நினைத்துக்கொள்வேன். கல்லூரியில் படித்த பிறகுதான் தெரிந்தது, அது திருவிதாங்கூரில் புழங்கிய கொல்லம் ஆண்டுக் கணக்கில் 1099. 1924-ஆம் ஆண்டு ஜூலையில் கேரளத்தையே மூழ்கடித்த பெருவெள்ளம். மலையாளிகள் இன்றைக்கும் அதைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்றுதான் சொல்கிறார்கள். எட்டாம் வகுப்புக்கூடப் படிக்காத ஆச்சி தன் வயதைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். எனக்குத்தான் அவளுடைய ஆண்டு தெரியவில்லை. அதை அவளிடம் போய்ச் சொல்லலாம் என்று ஓடிவந்தபோது அவள் யாரையும் அடையாளம் தெரியாத நிலையில் கிடந்தாள். காதருகே குனிந்து ‘ஆச்சி, தொண்ணூத்தொம்பது வெள்ளம்’ என்றேன். கையை மட்டும் அசைத்தாள்.

கட்டுரையைத் திருத்தி எழுதுங்கள். பாலத்தையும் எஞ்சினையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ‘வேறு உலகம்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். ரயில் ஏறுவதற்கு முன்னால் உங்கள் வீட்டு வாசலிலிருந்து ஆரம்பியுங்கள்.

மார்கழி பிறக்கும்போது இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வாருங்கள். பெட்டி வருகிற அன்று நான் செங்கோட்டையில் ரோட்டோரம் நிற்பேன். வந்தால் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். வருவதற்குள் உங்கள் தாத்தா வீட்டில் பழைய பத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். 1132-க்குள் ஒரு எண் போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், அது கொல்லம் ஆண்டு. ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய உள்ள தேதி என்றால் 824 கூட்டிக்கொள்ளுங்கள், ஜனவரியிலிருந்து ஆடி முடிய என்றால் 825. என்ன ஆண்டு வருகிறது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி