யு இல்லாத க்யூ: ஸ்கிராபிள் கேள்வி–பதில்

கேள்வி: க்யூ வந்தால், யு வரட்டும் என்று கையிலேயே வைத்திருக்கிறேன். கடைசிவரை தங்கிவிடுகிறது. என்ன செய்வது?
– வாசகி, திருச்சி

பதில்: யு-வுக்காகக் காத்திருக்கவே கூடாது. ஆங்கில எழுத்துச் சில்லுகளை (டைல்) அடுக்கிச் சொல் அமைக்கும் இந்த ஆட்டத்தின் 100 டைல்களில் யு நான்குதான். எதிராளி தன் டைல்களைத் தீர்த்து ஆட்டத்தை முடிக்கும்போது க்யூ உங்களிடம் இருந்தால் உங்களுக்கு 10 புள்ளி குறையும், அவருக்கு 10 கூடும். ஆக, 20 புள்ளி வித்தியாசம்.

முதலில் மனப்பாடம் ஆகவேண்டிய சொல் க்யூ-ஐ. உடலில் ஓடுவதாகச் சீனர்கள் சொல்லும் உயிர்ச்சக்தி அது, உச்சரிப்பு ‘சீ’. பலகையில் ஏதாவது ஓர் ஐ-க்கு நேர் மேலே, எழுத்தின் மதிப்பை மும்மடங்காக்கும் கட்டம் காலியாக இருக்கிறதா பாருங்கள். அங்கே க்யூ, அதற்கு வலப்பக்கம் உங்கள் ஐ. குறுக்கே 31, நெடுக்கே 31. இரண்டே டைலில் 62 புள்ளி! பல ஆட்டங்களைத் திருப்பிப்போடும் இடம் இது.

அடுத்து க்யூ-ஏ-டீ, ஏமனில் மெல்லும் இலை. க்யூ-ஏ-என்-ஏ-டீ, ஈரானின் நிலத்தடி நீர்க்கால்வாய். காஜி (க்யூ-ஏ-டி-ஐ), பக்கீர் (எஃப்-ஏ-க்யூ-ஐ-ஆர்), தலாக் (டீ-ஏ-எல்-ஏ-க்யூ) மூன்றும் நமக்குத் தெரிந்த சொற்களே. எழுத்துக்கூட்டில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எல்லாம் பெயர்ச்சொற்கள், பின்னால் எஸ் சேரும். எதுவும் அமையவில்லையா? பையில் 7 டைலாவது இருக்கும்போதே க்யூ-வை மாற்றிவிடுங்கள். அதற்குக் கீழே போனால் மாற்ற முடியாது.

கேள்வி: கையில் ஓர் உயிரெழுத்தும் இல்லையென்றால்?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: வேல்ஸ் மொழி கைகொடுக்கும். அங்கே டபிள்யூ உயிரெழுத்தாக ஒலிக்கும். சி-டபிள்யூ-எம் (‘கூம்’) என்றால் மலைகளுக்கு நடுவே கிண்ணம்போல் குடைந்த பள்ளத்தாக்கு. எவரெஸ்ட் ஏறும் வழியிலும் ஒன்று உண்டு. சி-ஆர்-டபிள்யூ-டீ-ஹெச் (‘க்ரூத்’), வில்லால் வாசிக்கும் பழைய நரம்பிசைக் கருவி. இரண்டுக்கும் எஸ் போடலாம்.

உணர்ச்சி ஒலிகளில்தான் கவனம் தேவை. டீ-எஸ்-கே, ‘ச்சு’ கொட்டுவது. அது வினைச்சொல்லும் ஆவதால் எஸ் ஏற்கும். ஹெச்-எம்-எம், பி-ஆர்-ஆர், எஸ்-ஹெச்-ஹெச் ஏற்காது. ‘என்-ஆவது’ (எத்தனையாவதோ அது) என்ற பொருள் தரும் என்-டீ-ஹெச் உரிச்சொல், அதுவும் ஏற்காது. பொருளையும் சேர்த்துப் படியுங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

கேள்வி: வைத்த சொல்லுக்குப் பொருள் கேட்டு எதிராளி மடக்குகிறார். சொல்லியே ஆகவேண்டுமா?
– வாசகர், கோவை

பதில்: வேண்டாம். சொல் பட்டியலில் இருந்தால் போதும். நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலேயே 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். ஆனால் எந்தப் பட்டியல் என்பதை ஆட்டத்துக்கு முன்பே பேசி முடிவுசெய்யுங்கள். இந்தியா, இலங்கைப் போட்டிகளில் காலின்ஸ் சொற்பட்டியல். அமெரிக்கப் பட்டியல் வேறு. யாக் எருதுக்கும் பசுவுக்கும் பிறந்த மாட்டைக் குறிக்கும் இசட்-ஓ காலின்ஸில் செல்லும், அங்கே செல்லாது.

கேள்வி: வி-யை எங்கே நுழைப்பது?
– வாசகி, மதுரை

பதில்: வி-யில் இரண்டெழுத்துச் சொல் ஒன்றுகூட இல்லை. அதனால் எதிராளி உங்கள் சொல்லை ஒட்டி இணையாகச் சொல் அடுக்குவதைத் தடுக்க அது நல்ல டைல். வி-யு-ஜி என்பது பாறைக்குள் படிகம் படர்ந்த பொந்து. இரண்டு வி-யும் சேர்ந்து வந்தால் எபிரேய எழுத்தின் பெயரான வி-ஏ-வி, 9 புள்ளி.