ஆற்றில் தண்ணீரே இல்லாதபோது ஆடிப்பெருக்கு கொண்டாடுவதில் அர்த்தம் உண்டா?

உங்கள் வீட்டில் அம்மாவோ மாமியாரோ குழாயடியில் பக்கெட் வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டுக் கும்பிடுவதைப் பார்த்துத்தான் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கேட்டதில் தப்பில்லை. அர்த்தம் உண்டு என்பதுதான் என் பதில்.

நான் குத்தாலம் பக்கத்துக்காரி. கொல்லையைத் தாண்டினால் காவிரி. எங்களுக்கு இது பதினெட்டாம் பெருக்கு. குடகில் பெய்த மழை மேட்டூர் வழியாகக் கடைமடைக்குப் புதுத்தண்ணீராக வந்து சேரும் காலம். ஆடிப் பட்டம் தேடி விதை என்பதும் இதை வைத்துத்தான். அந்தச் சமயம் காவிரி பிள்ளைத்தாச்சி, மசக்கைக்காரி, வாய்க்கு ருசியாகக் கேட்பாள் என்பார் எங்கள் பாட்டி. அதனால்தான் புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர்சாதம் எல்லாம். படித்துறையில் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, காப்பரிசி, காதோலை கருகமணி வைத்துப் படைப்போம். புதுப்பெண்கள் பத்திரப்படுத்தி வைத்திருந்த கல்யாண மாலையை அன்றுதான் ஆற்றில் விடுவார்கள். பையன்களுக்குச் சப்பரம் இழுப்பதே வேலை.

சரி, தண்ணீர் இல்லாத வருஷத்துக்கு வருகிறேன். 2017. வழக்கமாக ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மேட்டூர் அணையை அந்த வருஷம் அக்டோபர் 2-ல்தான் பாசனத்துக்குத் திறந்தார்கள். ஆடி பதினெட்டு அன்று எங்கள் படித்துறைக்குக் கீழே மணலும் காட்டாமணக்கும்தான். பம்புசெட்டில் குடத்தில் பிடித்து வந்து வைத்துக்கொள்ளலாம் என்று தெருவில் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா தவறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அம்மா மேல்படியில் ஒதுங்கி நின்றார். அங்கிருந்தே, "ஊத்துத் தோண்டுங்க, அவ அடியிலதான் இருக்கா" என்றார்.

யாரும் அசையவில்லை. அம்மாவே இறங்கிப் போய், நாணல் பச்சையாக நின்ற ஓர் இடத்தைக் காலால் கீறிக் காட்டினார். தம்பி மண்வெட்டியால் வெட்டினான். இடுப்பளவு போனதும் மணல் கறுத்தது. அப்புறம் அம்மா குப்புறப் படுத்து, கொட்டாங்கச்சியால் அள்ளி அள்ளி வெளியே கொட்டினார். முதலில் சேறு மாதிரி. நாலைந்து தடவை இறைத்த பிறகு தெளிந்தது. அடியில் ஓரிடத்தில் மணல் துகள்கள் எம்பி எம்பி விழுந்தன. அங்கேதான் ஊறிக்கொண்டிருந்தது.

அந்தக் குழியைச் சுற்றித்தான் தெருவே படைத்தது. சூடம் ஏற்றும் நேரம், உறவுக்காரப் பெரியம்மா ஒருவர், "நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்றார். அம்மா ஒன்றும் சொல்லாமல், புடவையில் ஒட்டிய மணலோடு படியேறிப் போய் உட்கார்ந்துவிட்டார். எல்லோருக்கும் மஞ்சள் கயிறு கட்டினார்கள், அம்மாவுக்கு இல்லை. நானும் கழுத்தை நீட்டிக் கட்டிக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

நீங்கள் கேட்டது இதுவல்ல, தெரியும். சம்பிரதாயத்தைக் குறை சொல்கிறேன் என்று சிலர் சண்டைக்கு வரலாம். நான் இன்றும் ஒரு வருஷம் விடாமல் படைக்கிறவள். ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும் கையில் கட்டிவிடும் அதே கயிற்றை, புருஷன் போனவள் கையில் கட்ட எந்த சாஸ்திரம் குறுக்கே நிற்கிறது என்றுதான் கேட்கிறேன். தோண்டும்போது ஆகும், படைக்கும்போது ஆகாதா?

இன்னொரு பக்கம், இதெல்லாம் மூடநம்பிக்கை என்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கும்பிட்டால் அணை நிரம்பும் என்று நான் சொல்லவே இல்லை. கர்நாடகத்தில் மழை பெய்தால்தான் நிரம்பும், அதோடு அவர்கள் தண்ணீரைத் திறந்துவிடவும் வேண்டும். ஆனால் வரும்போது மட்டும் வரவேற்று, வராத வருஷம் முகத்தைத் திருப்பிக்கொள்ள அவள் விருந்தாளி இல்லை. நான் இப்போது இருக்கும் தாம்பரத்தில் காவிரி ஏது? குடத்துத் தண்ணீரில்தான் மஞ்சளைக் கரைத்துப் படைக்கிறேன். உங்கள் வீட்டு பக்கெட்டும் அதுதான்.

2018 ஜூலை 23-ல் மேட்டூர் அணை நிரம்பி 120 அடியைத் தொட்டது. அந்த ஆடிப்பெருக்குக்கு ஊருக்குப் போனேன். படிகள் முங்கி, தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்து ஓடியது. படைத்து முடித்ததும் நேராக மேல்படிக்குப் போய் அம்மா கையைப் பிடித்தேன். "வேண்டாம்டி, பாக்குறாங்க" என்றார். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மணிக்கட்டில் மூன்று முடிச்சு போட்டுக் கட்டினேன். தீபாவளிக்கு நான் போனபோது சாயம் போய் வெள்ளையாகிவிட்டிருந்தது, அவிழ்க்காமல் வைத்திருந்தார்.