விரதத்தைக் கலைப்பது காபியா, கருப்பட்டியா?

கேள்வி: எனக்கு 36 வயது. தென்காசி மாவட்டத்தில் வசிக்கிறேன். எடை குறைய வேண்டும் என்று இரண்டு மாதமாக 16 மணி நேரம் சாப்பிடாமல் இருந்து, பகல் 11 மணிக்குத்தான் முதல் உணவு உண்கிறேன். காலை 5.30க்கு தைராய்டு மாத்திரை, உடனே கருப்பட்டி போட்ட கடுங்காபி. சாப்பிட்டதும் ஒன்று, மாலை வரை மேலும் இரண்டு. எடை குறையவில்லை. முடி கொட்டுகிறது, ஹீமோகுளோபின் 9.6. சென்னையில் உள்ள என் தங்கை, மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவில் வெண்ணெய் கலந்த காபி குடிக்கிறாள். என் கணவர் பால் பொருட்களை அடியோடு விட்டுவிட்டு வெறும் கடுங்காபிக்கு மாறிவிட்டார். காபி என் விரதத்தைக் கலைக்கிறதா? யாருடைய உணவு முறைக்கு அது ஒத்துவரும்?

மருத்துவர் பதில்:

பாலும் சர்க்கரையும் சேராத கடுங்காபி ஒரு பெரிய கோப்பையில், அதாவது 240 மில்லியில், ஏறத்தாழ 2 கலோரிதான் இருக்கும். எடை குறைப்பதற்கான விரதம் அதனால் கலையாது. கீட்டோ, தானியமும் பயறும் ஒதுக்கும் பேலியோ, பால் தவிர்த்த தாவர உணவு எதற்கும் அது பகையில்லை. பேலியோக்காரர்களில் சிலர் காபிக்கொட்டையைப் பயறு வகையாக எண்ணி ஒதுக்குகிறார்கள். அது பழத்தின் விதை, பயறு அல்ல. ஆனால் ரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றில் வரச் சொன்னால், கடுங்காபியும் கூடாது. தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுச் செல்லுங்கள்.

உங்கள் விரதத்தைக் கலைப்பது கருப்பட்டி. வெள்ளைச் சர்க்கரையை விட அது நல்லது என்ற நம்பிக்கை நம் தென்மாவட்டங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதில் சிறிது தாது உப்புகள் உண்டு என்பதும் உண்மை. ஆனாலும் அதன் பெரும்பகுதி சர்க்கரைதான்; ரத்தத்தில் குளுக்கோஸும் இன்சுலினும் ஏறத்தான் செய்யும். என்னிடம் வந்த ஒருவரை, அவர் தினமும் காபியில் போடும் கருப்பட்டித் துண்டைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வரச் சொன்னேன். தராசில் வைத்ததும் 18 கிராம் காட்டியது. "இத்தனூண்டுதானே டாக்டர்" என்றார். நான்கு காபிக்கு 72 கிராம், 260 கலோரிக்கு மேல். நான்கைந்து இட்லியைக் காபியோடு குடித்த கணக்கு. உங்கள் துண்டையும் ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள். எடை ஏன் குறையவில்லை என்பதற்குப் பாதி விடை அங்கேயே கிடைக்கக்கூடும்.

மீதி விடை தைராய்டு மாத்திரையில் இருக்கலாம். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது "உடனே" என்ற அந்தச் சொல். லெவோதைராக்சின் என்னும் தைராய்டு மாத்திரை குடலில் உறிஞ்சப்படுவதைக் காபி குறைத்துவிடும். மருந்தைத் தவறாமல் விழுங்கியும் உடலுக்கு முழு அளவு போய்ச் சேராது. எடை இறங்க மறுப்பது, முடி கொட்டுவது, சோர்வு எல்லாம் அதனாலும் வரலாம். மாத்திரையைத் தண்ணீரில் மட்டும் விழுங்குங்கள். ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடியுங்கள். இப்படி ஆறு முதல் எட்டு வாரம் இருந்துவிட்டு மருந்தளவு போதுமா என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அதற்கு முன் மாத்திரையின் அளவை நீங்களாக மாற்ற வேண்டாம்.

அடுத்தது இரும்புச் சத்து. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் குறைந்தாலே ரத்தசோகை. உங்களுக்கு 9.6. காபியில் உள்ள பாலிஃபீனால்கள் உணவிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொள்கின்றன. 1983இல் வெளியான ஓர் ஆய்வில், உணவோடு ஒரு கோப்பை காபி குடித்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது 39 சதவீதம் குறைந்தது. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்தபோது அந்த இழப்பு இல்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோதோ, உணவோடு குடித்த அளவுக்கே இழப்பு இருந்தது. நீங்கள் 11 மணிக்குச் சாப்பிட்டதும் குடிக்கும் காபிதான் கூடுதல் கேடு. அதை 10 மணிக்கு முன் நகர்த்துங்கள், அல்லது சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். கீரையோ பயறோ சாப்பிடும்போது எலுமிச்சையும் நெல்லிக்காயும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால் அதற்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

காலைப் பசியைக் காபியால் அமுக்கி அமுக்கி வைப்பதும் நல்லதல்ல. நெஞ்செரிச்சல், படபடப்பு, கை நடுக்கம் இருந்தால் வெறும் வயிற்றுக் காபியை நிறுத்துங்கள். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் காஃபீன் வரை பாதுகாப்பானது என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கருத்து. கர்ப்பிணிகளுக்கு அது 200தான். மாலை நான்கு மணிக் காபியில் உள்ள காஃபீனில் பாதி, இரவு ஒன்பது மணிக்கும் உடலில் இருக்கும். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும். பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு வேண்டாம் என்பேன்.

உங்கள் தங்கைக்கு: ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயே 100 கலோரி. மாவுச்சத்து இல்லாததால் கீட்டோ நிலை கெடாது, ஆனால் அது காபியும் அல்ல, சத்துள்ள உணவும் அல்ல. தவிர, நம் பித்தளை, எவர்சில்வர் ஃபில்டரின் துளைகள் கஃபெஸ்டால் என்ற கொழுப்புப் பொருளைக் காகித ஃபில்டர் போலத் தடுப்பதில்லை. அது கெட்ட கொலஸ்ட்ராலை உயர்த்தும். அதோடு வெண்ணெயும் சேர்ந்தால் மூன்று மாதத்துக்குள் கொலஸ்ட்ரால் பரிசோதனை கட்டாயம். அவர் சர்க்கரை நோய்க்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை எடுப்பவராக இருந்தால் கீட்டோவே ஆபத்து. ரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கே கேடு வரலாம். இன்றே தன் மருத்துவரிடம் பேசச் சொல்லுங்கள்.

உங்கள் கணவருக்குக் காபியால் தொல்லையில்லை. பாலோடு சேர்ந்து போனவற்றைத்தான் அவர் ஈடுகட்ட வேண்டும். கால்சியத்துக்குக் கேழ்வரகும் எள்ளும் உதவும். வைட்டமின் பி12 தாவர உணவில் நம்பகமாகக் கிடைக்காது. முட்டை, மீன், இறைச்சியும் அவர் உண்ணாதவர் என்றால் மாத்திரை தேவைப்படும்.

கடிதத்தின் ஓரத்தில், மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம் என்று சிறு எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதைத் தலைப்பிலேயே எழுதியிருக்க வேண்டும் அம்மா. 9.6க்குக் காபியை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்க முடியாது. இந்த வாரமே மகளிர் நோய் மருத்துவரைப் பாருங்கள், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்த்துவிடுங்கள். அதுவரை 16 மணி நேர விரதத்தை நிறுத்திவிட்டுக் காலை உணவைச் சாப்பிடுங்கள்.