மூணாவது மாடியில வீடு, பேஸ்மென்ட்ல கார்... சார்ஜ் எப்படி போடுறது?

கேள்வி: எலக்ட்ரிக் கார் வாங்கலாம்னு இருக்கேன் சார். புறநகர்ல அபார்ட்மென்ட், வீடு மூணாவது மாடி, தினமும் போக வர 40 கிலோமீட்டர். பால்கனியிலேர்ந்து எக்ஸ்டென்ஷன் போட்டு சார்ஜ் பண்ணிக்கலாம்னு சொல்றாங்க, அசோசியேஷன்லயோ பொது கரண்ட்லேர்ந்து தர மாட்டோம்ங்கறாங்க. என்ன பண்றது?

பதில்: அந்த எக்ஸ்டென்ஷன் யோசனைய மட்டும் தயவுசெஞ்சு விட்டுடுங்க. அயர்ன் பாக்ஸ் சூடானதும் தானா நின்னு நின்னு ஓடும், கார் அப்படி இல்ல, மணிக்கணக்கா ஒரே சீரா இழுத்துக்கிட்டே இருக்கும். அப்படி சார்ஜ் போட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒண்ண கையில வாங்கிப் பாத்திருக்கேன், பின் சொருகற ஓட்டைய சுத்தி பழுப்பாகி, பிளாஸ்டிக் உருகி பின்னோடயே ஒட்டிக்கிச்சு. வயர சுருட்டி வச்சிருந்தா இன்னும் மோசம், சூடு வெளிய போகவே வழி கிடையாது.

உங்களுக்கு பெரிய சார்ஜர் எதுவும் வேண்டாங்க. ஒரு யூனிட்டுக்கு 6, 7 கிலோமீட்டர் ஓடும்னு வச்சாலும் 40 கிலோமீட்டருக்கு சுமார் 6 யூனிட்தான், பார்க்கிங்ல ஒரு 16 ஆம்ப் சாக்கெட் (ஏசிக்கு போடற பெரிய பிளக் பாயின்ட்) இருந்தா அது மணிக்கு கிட்டத்தட்ட 3 யூனிட் தரும், அப்ப ராத்திரி ரெண்டு, ரெண்டரை மணி நேரத்துல முடிஞ்சுது.

அசோசியேஷன் தயங்கறது பெரும்பாலும் பில்லுக்குத்தான், அவங்க பக்கமும் நியாயம் இருக்கு, ஒருத்தர் காருக்கு எல்லாரும் ஏன் கட்டணும்? அதனால உங்க வீட்டு மீட்டர்லேர்ந்தே பார்க்கிங்குக்கு தனி லைன் இழுக்க முடியுமான்னு கேளுங்க, முடியலன்னா பொது லைன்ல சப் மீட்டர், அதாவது உங்க காருக்கு ஓடினத மட்டும் காட்டற தனி மீட்டர், வச்சு ரீடிங் பாத்து கட்டிடறேன்னு எழுதியே குடுத்துடுங்க. தனி எம்சிபி (லோடு மீறினா கரண்ட கட் பண்ற ஸ்விட்ச்), ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா கட் பண்ற ஸ்விட்ச்), நல்ல எர்த்திங் மூணும் கட்டாயம், தூரம் ஜாஸ்தின்னா கேபிளும் தடிமனா போடணும், இல்லன்னா வோல்டேஜ் இறங்கிடும். இதுல காச மிச்சம் பிடிக்காதீங்க.

இன்னொண்ணு, இன்னிக்கு நீங்க ஒருத்தர், நாளைக்கு பத்து பேர் வருவாங்க, எல்லாரும் 7 கிலோவாட் சார்ஜர் மாட்டி ஒரே நேரத்துல போட்டா 70 கிலோவாட், லிஃப்ட் மோட்டார் எல்லாம் ஓடற அதே லைன் அத தாங்குமா? இருக்கற கரண்ட கார்களுக்கு பிரிச்சுக் குடுக்கற லோட் மேனேஜ்மென்ட் சார்ஜர்கள் இருக்கு, அடுத்த மீட்டிங்ல அத பேசுங்க. கார புக் பண்றதுக்கு முன்னாடியே பேசிடுங்க, டெலிவரி எடுத்துட்டு வந்து நின்னு கெஞ்சறது ரொம்ப கஷ்டம்.