நேப்பியர் புல்லில் இலைக்கருகல்: யூரியா மட்டும் போதுமா?

கேள்வி: சோழவரம் பக்கம் எனக்கு 3 ஏக்கர் நஞ்சை இருக்கிறது, 5 கறவை மாடுகளும் உண்டு. புல்லிலிருந்து வாகன எரிவாயு தயாரிக்கப் போவதாகச் சொல்லும் ஒரு நிறுவனத்தில் ஏக்கருக்கு 20,000 ரூபாய் முன்பணம் கட்டி, அவர்கள் கொடுத்த நேப்பியர் கரணைகளை 1 ஏக்கரில் நட்டேன். டன்னுக்கு 1,000 ரூபாய் தருவதாகப் பேச்சு. மூன்றாவது அறுப்புக்குப் பிறகு தூர் தளர்ந்துவிட்டது. அடி இலைகளின் ஓரம் நுனியிலிருந்து கருகுகிறது. யூரியாவும், தாங்களே விற்கும் டானிக்கும் போதும் என்கிறார் முகவர். எவ்வளவு போடலாம்? மீதி 2 ஏக்கரையும் புல்லுக்கு மாற்றச் சொல்லி வற்புறுத்துவதால் கவலையாக இருக்கிறது.
– ஒரு விவசாயி, சோழவரம்

பதில்: அடி இலையில் மஞ்சள் நுனியில் தொடங்கி நடுநரம்பு வழியாக உள்ளே இறங்கினால் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறை, ஓரம் கருகிக்கொண்டே வந்து நடுப்பகுதி பச்சையாக நின்றால் சாம்பல்சத்துக் (பொட்டாசியம்) குறை. நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது வகை. ஆகவே, அறுப்பு முடிந்தவுடன் ஏக்கருக்கு ஒன்றரை மூட்டை யூரியாவுடன் அரை மூட்டை பொட்டாஷையும் கலந்து, தேங்கிய நீரை வடித்துவிட்டு ஈரத்தில் இடுங்கள். டானிக்குக்குச் செலவழிக்க வேண்டாம். புட்டியின் மேல் என்ன சத்து எத்தனை சதவீதம் என்று அச்சிடாத எந்தச் சரக்கையும் நிலத்துக்குள் விடக் கூடாது.

ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: லாரியில் ஏறிப் போகும் புல்லோடு என்னென்ன போகிறது, அதில் எது திரும்பி வருகிறது?

பச்சை நேப்பியரில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். உங்கள் வயலிலிருந்து 10 டன் புல் போனால், அதில் உலர் எடை சுமார் 2 டன். அதற்குள் ஏறத்தாழ 30 கிலோ தழைச்சத்தும் அதற்குக் குறையாத சாம்பல்சத்தும் அடங்கியிருக்கின்றன. தழைச்சத்தை மட்டும் ஈடுகட்டவே நான் மேலே சொன்ன ஒன்றரை மூட்டை யூரியா தேவை. மூன்று அறுப்புக்குச் சாம்பல்சத்தே போடாமல் விட்டதைத்தான் இலையோரம் காட்டுகிறது.

எரிவாயு தயாரிப்பில் இந்தச் சத்துகள் எதுவும் செலவாவதில்லை. மீத்தேன் என்பது கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்தது. அவ்விரண்டையும் புல் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் எடுத்துக்கொண்டது. தழை, மணி, சாம்பல் சத்துகள் எரிவாயுக் கலனிலிருந்து வெளிவரும் கூழ் போன்ற கழிவில், அதாவது ஸ்லரியிலேயே தங்கிவிடுகின்றன. அந்த ஸ்லரி வயலுக்குத் திரும்பினால், பெட்ரோலுக்கும் டீசலுக்கும் மாற்று என்று இந்தப் புல்லைச் சொல்வதில் முழு நியாயம் உண்டு. திரும்பாவிட்டால், அந்த இடத்தை யூரியாவால் நிரப்ப வேண்டும். உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள மணலி ஆலையில் யூரியா தயாராவது பூமிக்கடியிலிருந்து எடுக்கும் இயற்கை எரிவாயுவைக் கொண்டுதான். பொட்டாஷோ கிட்டத்தட்ட முழுவதும் கப்பலில் வருகிறது. அப்படிச் செய்கிற விவசாயத்தை மாற்று எரிபொருள் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. ஸ்லரியைத் திருப்பித் தருவதாக எழுத்தில் ஒப்புக்கொள்ளாத எந்த ஒப்பந்தத்திலும் விவசாயி கையெழுத்திடக் கூடாது என்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

முகவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2018இல் மத்திய அரசு தொடங்கிய 'சதத்' திட்டத்தின் பெயரைச் சொல்லி முன்பணம் வாங்குகிறார்கள். அத்திட்டத்தின்படி எண்ணெய் நிறுவனங்கள் வாங்குவது ஆலை தயாரிக்கும் அழுத்தப்பட்ட எரிவாயுவை. விவசாயியின் புல்லுக்கு அதில் எந்த உத்தரவாதமும் இல்லை. ஆலை கட்டி முடிந்து ஓடுகிறதா, அது எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது, எடைமேடை யாருடையது, வண்டி வாடகை யார் தலையில் என்று கேளுங்கள். 10 டன் ஏற்றிய லாரியில் 8 டன் தண்ணீர்தான் பயணம் போகிறது என்பதால், ஆலை தொலைவில் இருந்தால் டீசலே ஆதாயத்தைத் தின்றுவிடும். 2003இல் மத்திய அரசின் திட்டக் குழு அமைத்த குழு டீசலுக்கு மாற்றாகக் காட்டாமணக்கைப் பரிந்துரைத்த பிறகு, தமிழ்நாட்டிலும் இதே போன்ற கொள்முதல் வாக்குறுதிகளை நம்பி நட்டார்கள். தண்ணீரில்லாத நிலத்தில் காய்ப்பு கட்டுப்படியாகாமல் பலர் பிடுங்கி எறிந்தார்கள். நட்டம் முழுவதும் நட்டவருக்கே வந்தது.

உங்களிடம் 5 மாடுகள் இருக்கின்றன. நாளொன்றுக்கு 50 கிலோ சாணம் கிடைத்தால் 2 கனமீட்டர் சாண எரிவாயுக் கலன் ஓடும். மாதத்துக்கு ஒன்றரை சிலிண்டருக்கு மேல் மிச்சம். இந்த வாயுவில் பம்புசெட்டை ஓட்டலாம் என்று ஆசைப்பட வேண்டாம், 5 குதிரைத்திறன் எஞ்சினுக்கு அது ஒரு மணி நேரத்துக்குக்கூடப் போதாது; அடுப்படிக்கே வையுங்கள். நறுக்கிய புல்லையும் இந்தச் சிறு கலனுக்குள் திணிக்காதீர்கள், நார் மேலே மிதந்து ஏடு கட்டி வாயுவை அடைத்துவிடும். புல்லை மாடு தின்னட்டும், சாணம் கலனுக்குப் போகட்டும், ஸ்லரியைப் பாசன வாய்க்காலோடு கலந்து அதே புல்லுக்குப் பாய்ச்சுங்கள்.

மீதி 2 ஏக்கரில் நெல்லே இருக்கட்டும். திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணைப் பரிசோதித்து, அந்த முடிவைப் பார்த்து அடுத்த அறுப்புக்கு உர அளவைத் திருத்திக்கொள்ளுங்கள். இனிக் கரணை தேவைப்பட்டால் 'சூப்பர்' என்ற பெயரில் விற்கும் சரக்கை விட்டுவிட்டு, கோ 5 என்ற நேப்பியர் ரகத்தின் கரணை எங்கே கிடைக்கும் என்று அங்கேயே விசாரியுங்கள்.