கிடாவைக் குளிப்பாட்டாதீர்கள்

கேள்வி: எங்களுடையது திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமம். பதினான்கு பெட்டை வெள்ளாடுகளும், எங்கள் பட்டியிலேயே பிறந்து வளர்ந்த ஒரு கிடாவும் இருக்கின்றன. கார்த்திகைக்குப் பிறகு ஓர் ஆடுகூடப் பருவத்துக்கு வரவில்லை. பங்குனியில் பக்கத்து வயலில், ஊர் ஊராக மந்தை ஓட்டிவரும் ஒரு கீதாரி கிடை போட்டார். அந்த வாரத்திலேயே என் ஆடுகளில் நான்கு கத்தத் தொடங்கி, அவருடைய கிடாவோடு சேர்ந்தன. கிடை கிளம்பியதும் பழையபடி ஆகிவிட்டது. அவர் ஏதோ மருந்து வைத்திருந்தார் என்கிறார் என் தாயார். கடைக்காரர் பதினான்குக்கும் ஹார்மோன் ஊசி போடச் சொல்கிறார். எத்தனை மில்லி போடலாம்? என் மகன், ஆளை இழுக்கும் வாடைப்பொருள் என்று விற்கிற பெரோமோன் சென்ட் ஒரு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறான். அதை ஆடுகள்மேல் தெளிக்கலாமா? கிடாவை நாற்றம் தாங்காமல் வாரம் ஒருமுறை ஷாம்பு போட்டு வாய்க்காலில் குளிப்பாட்டுகிறோம். மற்றபடி பராமரிப்பில் குறை வைக்கவில்லை.

பதில்: அந்த ஊசியை வாங்கிவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைகளில் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது, பருவத்தை வரவழைக்கப் போடும் புரோஸ்டாகிளாண்டின் என்ற ஹார்மோன். பங்குனியில் சேர்ந்த நான்கு ஆடுகளும் இப்போது மூன்று மாதச் சினையாக இருக்கலாம். ஊசி போட்டால் கரு கலைந்து குட்டி வீசிவிடும். மீதிப் பத்துக்காவது பயன்படுமா என்றால், சினைப்பை வேலை செய்யாமல் கிடக்கும் ஆட்டிடம் அதன் ஜம்பம் பலிக்காது. கர்ப்பிணிப் பெண்களும் ஆஸ்துமாக்காரர்களும் அந்த மருந்தைக் கையால் தொடவே கூடாது. தோல் வழியாகவே உள்ளே போகும். இதையெல்லாம் கல்லாவில் இருப்பவர் சொன்னாரா? ஒரு பட்டியில் இரண்டு ஆடுகள் அடுத்தடுத்துக் குட்டி வீசிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஊசி விற்ற கடைக்காரர் அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை.

கீதாரியின் மடியில் மருந்தும் இல்லை, மந்திரமும் இல்லை. அவருடைய கிடாவின் தலையில் இருந்தது. கொம்புக்குப் பின்னால் கையை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் மொச்சை வாடையும் சோப்புப் போட்டாலும் அன்று முழுக்கப் போகாது. 2014இல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் கிடாக்களுக்குத் தொப்பிபோல ஒரு கருவியை மாட்டி, தலைமுடியிலிருந்து வரும் ஆவியைப் பிடித்து ஆராய்ந்தார்கள். அதில் 4-எத்திலாக்டனால் (4-ethyloctanal) என்ற பொருள், பெட்டையின் மூளையில் இனப்பெருக்க ஹார்மோனை முடுக்கிவிடும் நரம்புகளைத் தூண்டுவதைக் கண்டார்கள். காற்றுப்பட்டு அது மாறும்போது வருவதுதான் நீங்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அந்த வாடை. காயடித்த கிடாவிடம் இது கிடையாது.

நீங்களோ அதை வாரா வாரம் வாய்க்காலில் விடுகிறீர்கள்! குளிப்பாட்டினால் சுரப்பு நின்றுவிடாது, உண்மைதான். ஆனால் தாடியிலும் முன்னங்காலிலும் தன் சிறுநீரையே பீய்ச்சிப் பூசிக்கொண்டு அது சேர்த்து வைக்கும் சொத்தை எதற்குக் கழுவ வேண்டும்? கிடா வாங்கப் போனால் நான் முதலில் பல்லைப் பார்ப்பதில்லை, மோந்துதான் பார்க்கிறேன். நாறாத கிடாவை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பேன். வீட்டில் வாடை தாங்கவில்லை என்றால் கட்டுத்தறியைக் கொல்லைக் கோடிக்கு மாற்றுங்கள்.

ஆனாலும் உங்கள் கிடாவின் பெரிய குறை அழுக்கின்மை அல்ல, பழக்கம். பிறந்தது முதல் கூடவே திரிகிற கிடாவின் வாடை பெட்டைகளுக்குச் சுவர் மாதிரி. புது வாடை வந்தால்தான் திரும்பிப் பார்க்கும். போதாக்குறைக்கு அது தன் தாயோடும் அக்காள் தங்கைகளோடும் கட்டிக் கிடக்கிறது. ஆகவே அடுத்த ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் மாற்றிக்கொள்ளுங்கள். மனசு வரவில்லை என்றால், ஆடி முதல் தேதி உறவினர் வீட்டுக்கு அனுப்பி, கண்ணிலும் காதிலும் மூக்கிலும் படாமல் ஒரு மாதம் வைத்திருந்து, ஆவணியில் கொண்டுவந்து விடுங்கள். பத்து நாளைக்குள் பெட்டைகள் வாலைப் படபடவென்று அடிக்கத் தொடங்கும். முதல் பருவம் பல ஆடுகளில் வெறும் ஒத்திகை, சினை பிடிக்காது. ஐந்தாறு நாளில் மறுபடி வரும். அவசரப்பட்டுக் கிடாவைப் பிரிக்காமல் நாற்பத்தைந்து நாள் விட்டுவையுங்கள். ஆவணியில் சேர்ந்தால் குட்டி தை, மாசியில் விழும். மழையும் ஓய்ந்திருக்கும், அறுத்த வயலில் மேய்ச்சலும் இருக்கும்.

சென்ட் பாட்டிலுக்கு வருகிறேன். ஆண் பன்றியின் உமிழ்நீரில் ஆன்ட்ரோஸ்டினோன் என்று ஒன்று உண்டு. பருவத்திலிருக்கும் பெண் பன்றி அதை மோந்தால் அசையாமல் நின்றுவிடும். பன்றிப் பண்ணைகளுக்கு அதை ஸ்பிரேயாகவே விற்கிறார்கள். மனிதருக்கென்று விற்கும் பாட்டில்கள் பலவற்றில் இருப்பதும் அதுவோ அதன் பங்காளியோதான். மனிதனிடம் இப்படி ஆளை இழுக்கும் பொருள் ஒன்று இருப்பதாக இதுவரை நிரூபணமாகவில்லை. உங்கள் கிடா பெட்டையின் சிறுநீரை மோந்துவிட்டு மேலுதட்டைச் சுருட்டி வானத்தைப் பார்த்துப் பல்லிளிக்கிறதே, அது மேலண்ணத்தில் இருக்கும் ஓர் உறுப்புக்கு வாடையை ஏற்றுகிறது. வளர்ந்த மனிதனிடம் அந்த உறுப்பு நரம்புத் தொடர்பில்லாத வெறும் பள்ளம். பையனைத் திட்டாதீர்கள், நல்ல வாசனையாக இருந்தால் அவனே போட்டுக்கொள்ளட்டும். ஆட்டின்மேல் வேண்டாம்.

நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. புதுக் கிடா வந்தபோது பதினான்கில் நான்குதானே கத்தின? மற்ற பத்துக்கும் மூக்கு இல்லையா? அந்தப் பத்தின் முதுகெலும்பைத் தடவிப் பாருங்கள். சீப்பைத் தடவுவதுபோல் இருக்கும் என்று நினைக்கிறேன். கார்த்திகையில் தண்ணீர் நின்ற தாழ்ந்த வயலோரம் அவை மேய்ந்திருக்கலாம். அங்கே நத்தை இருக்கும், நத்தை இருந்தால் அது பரப்பும் ஈரல் தட்டைப்புழுவும் இருக்கலாம். புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டு மருந்து வாங்குங்கள். நான்கு ஆடுகள் சினையாக இருக்கலாம் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கிடாவைக் கூட்டிவரும் தேதிக்கு மூன்று வாரம் முன்பிருந்து, மேய்ச்சலுக்கு மேல் தலைக்குக் கால் கிலோ அடர்தீவனம் கொடுங்கள். மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, தவிடு எல்லாம் கலந்தது போதும். அகத்தியும் உளுந்துப் பொட்டும் உங்கள் ஊரில் பஞ்சமா என்ன? உடம்பில் சதை இல்லாத பெட்டைக்கு எந்தக் கிடாவின் வாடையும் ஏறாது.

அந்த நான்கும் சினையாக இருந்தால் ஆவணியில் ஈனும். ஐப்பசி மழைக்குள் குட்டிகளுக்கு ஒரு மூங்கில் பரண் போட்டுவிடுங்கள். கிடாக்குட்டி பிறந்தால், நல்ல பால் உள்ள தாயின் குட்டியாகப் பார்த்து ஒன்றை மட்டும் காயடிக்காமல் விடுங்கள். அடுத்த முறை கிடா மாற்றும்போது கொடுக்க ஆகும்.