லண்டனில் ‘கன்செஷன்’ கேட்கத் தயங்கும் தங்கச்சிக்கு

இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவையிலிருந்து முதுமாணிப் படிப்புக்காக லண்டன் போயிருக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: “அக்கா, டிக்கெட் விலைப் பலகையில் அடல்ட், சைல்டுக்குக் கீழே கன்செஷன் என்று குறைந்த விலை ஒன்று போட்டிருக்கிறார்கள். அது வசதியில்லாதவர்களுக்கா? நான் எடுத்தால் விசாவுக்குப் பிரச்சினை வருமா? என் அறைத் தோழி ஒரு பெரிய கடையில் ‘கன்செஷனில் வேலை’ என்கிறாள். அது வேறா?”

தாராளமாக எடுங்கள் தங்கச்சி. முழுநேர மாணவி என்றால் பெரும்பாலான இடங்களில் அந்த விலை உங்களுக்கும் சேர்த்துத்தான். ‘டவர் ஒப் லண்டன்’ பார்க்கப் போனால் அங்கே கன்செஷன் வரிசையில் 65 வயதைத் தாண்டியவர்களோடு முழுநேர மாணவர்களும் வருவார்கள். பல்கலைக்கழக அடையாள அட்டையைக் காட்டினால் போதும், எந்த நாட்டுக்காரர் என்று கேட்க மாட்டார்கள்.

நான் இப்போது லீவுக்கு ஹட்டன் வந்திருக்கிறேன். காலையில் பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ் வந்து ஆள் கூப்பிட்டாலும் பள்ளிப் பிள்ளைகள் பாதிப் பேர் ஏறுவதில்லை. அரசாங்கத்தின் சீடிபி பஸ் வரும்வரை நிற்கிறார்கள். அது வந்ததும் புத்தகப் பையின் முன் சிப்பைத் திறந்து பிளாஸ்டிக் உறை போட்ட சலுகைச் சீசன் அட்டையை எடுத்துக் காட்டிவிட்டு உள்ளே போகிறார்கள். அதில் ஒரு பிள்ளைக்காவது கூச்சம் இருக்கிறதா? நீங்களும் அப்படித்தான் பள்ளிக்கூடம் போயிருப்பீர்கள். உங்கள் ரீச்சர் ரயிலில் அரசாங்க ஊழியருக்கான வாரண்ட் கொடுத்து யாழ்ப்பாணம் போனாரே, அதுவும் இதே வகைதான். லண்டனில் இதற்குக் கன்செஷன் என்று பெயர், அவ்வளவுதான்.

ஆனாலும் நம் பக்கத்துப் பிள்ளைகள் தயங்குவதற்குக் காரணம் எனக்குத் தெரியும். தேயிலைத் தோட்டத்தில் சலுகை என்பது தோட்டத்தை நடத்தும் துரையின் முகத்தைப் பார்த்து வாங்குவதாக இருந்தது. தீபாவளி முற்பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மாதாமாதம் சம்பளத்தில் வெட்டப்படும் நம்முடைய காசுதான் அது. அதையே நம் அம்மாமார் யாரோ தருமம் கொடுத்த மாதிரி ஆபீஸ் வாசலில் நின்று கும்பிட்டு வாங்கினார்கள். அந்தப் பழக்கத்தை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். கன்செஷனுக்கு நிபந்தனை உண்டு. நிபந்தனைக்குள் நீங்கள் வந்தால் அது உங்களுக்குச் சேர வேண்டியது. நம் நாட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கொடுக்கும் ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையும் அப்படியானதுதான். மனித உரிமை நிபந்தனைகளை மீறியதாகச் சொல்லி 2010இல் நிறுத்தினார்கள், 2017இல் திரும்பத் தந்தார்கள்.

சரி, உங்களுக்கு உடனே வேண்டியவற்றைச் சொல்கிறேன். ரயிலுக்கு 16-25 ரயில்கார்ட் எடுங்கள். பெரும்பாலான பயணங்களில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 26 வயதுக்கு மேலானாலும் முழுநேர மாணவர் என்று பல்கலைக்கழகம் உறுதிப்படுத்தினால் கிடைக்கும். அதை லண்டன் பயணத்துக்கான ஒய்ஸ்டர் கார்டோடு நிலையத்தில் இணைத்துவிட்டால் நெரிசல் இல்லாத நேரங்களில் லண்டனுக்குள் டியூப், ரயில் கட்டணத்திலும் மூன்றில் ஒரு பங்கு கழியும். நிறையப் பேர் கார்டை வாங்கிவிட்டு இந்த இணைப்பை மட்டும் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். தினமும் வகுப்புக்குப் போகிறவர் என்றால் 18+ மாணவர் ஒய்ஸ்டரும் பாருங்கள். வாராந்த, மாதாந்த டிராவல்கார்டுகளில் 30 சதவீதம் குறையும்.

விசாப் பயம் பற்றி. உங்கள் விசாவில் ‘அரச நிதி பெறக்கூடாது’ என்று ஒரு வரி இருக்கும். அந்த நிதிகளுக்குப் பட்டியல் இருக்கிறது. யுனிவர்சல் கிரெடிட், வீட்டு உதவிப்பணம், பிள்ளைகளுக்கான உதவிப்பணம் எல்லாம் அதில் வரும். ரயில், அருங்காட்சியகம், திரையரங்கக் கன்செஷன்கள் வராது. குழப்பம் வருவது கவுன்சில் வரியில்தான். வீட்டில் எல்லாரும் முழுநேர மாணவர்கள் என்றால் வரியே இல்லை. மாணவர்களோடு மாணவரல்லாத ஒருவர் மட்டும் இருந்தால் 25 சதவீதம் குறையும். இவை இரண்டும் அரச நிதிக் கணக்கில் சேராது, பயப்படாமல் கேளுங்கள். ஆனால் வருமானம் குறைவு என்று காட்டிக் கேட்கும் ‘கவுன்சில் டாக்ஸ் ரிடக்ஷன்’ அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதைத் தொடாதீர்கள். பெயர்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருப்பதால், வீட்டு உரிமையாளர் நீட்டும் படிவத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டாம்.

மருந்துச் சீட்டு, பல், கண் பரிசோதனைச் செலவுக்கு அரச சுகாதார சேவையின் ‘எச்சீ1’ (HC1) படிவம் நிரப்பினால் வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள். அதுவும் அரச நிதி ஆகாது.

இன்னொருவரின் கன்செஷன் கார்டில் மட்டும் ஏறிவிடாதீர்கள். சகோதரியின் கார்ட், வீட்டுக்கார ஆன்ட்டியின் கார்ட் என்று சிலர் செய்கிறார்கள். பிடிபட்டால் அபராதத்தோடு போகும் என்று உறுதி இல்லை, நீதிமன்றம் வரை போகலாம். குற்றத் தீர்ப்பு வந்தால் அடுத்த விசா விண்ணப்பத்தில் அதை எழுத வேண்டிவரும்.

அப்புறம் உங்கள் தோழியின் வேலை. அது வேறு விஷயம். பெரிய கடைக்குள் வாசனைத் திரவியமோ கைப்பையோ விற்கும் ஒரு பிராண்ட் தனக்கென்று ஒரு மூலையை எடுத்து நடத்தும். அந்த மூலைக்கும் கன்செஷன் என்றுதான் பெயர். இடம் கடையுடையது, வியாபாரம் பிராண்டுடையது. நம் ஊரில் இதை விளங்கிக்கொள்ளச் சிரமமே இல்லை. தோட்டக் காணிகள் அரசாங்கத்துடையவை, 1992க்குப் பிறகு 53 வருடக் குத்தகையில் அவற்றை நடத்துகிறவை பெருந்தோட்டக் கம்பனிகள். சம்பளப் பேச்சு வந்தால் அரசாங்கம் கம்பனியைக் காட்டும், கம்பனி அரசாங்கத்தைக் காட்டும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லைன் காம்பிராவில் இருப்பவர் கையில் காணி உறுதியும் இருக்காது. அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன், தோழி ஒப்பந்தத்தில் ‘எம்ப்ளோயர்’ என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கட்டும். சம்பளச் சீட்டு, லீவு, வேலையை விட்டு நிறுத்தினால் யாரிடம் கேட்பது, எல்லாம் அந்தப் பெயரைப் பொறுத்தது.

அப்படி ஒரு மூலையை உங்கள் பெயரில் எடுத்து ஃபோன் கவர் விற்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மாணவர் விசாவில் சுயதொழிலுக்கு அனுமதி இல்லை. சம்பள வேலையும் பட்டப்படிப்பு மாணவர்களுக்குத் தவணைக் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்கத் தெரியாமல் கஷ்டப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரித்தானிய உள்துறை அமைச்சும் விதிக்கு வெளியே கொடுக்கும் தளர்வைக் கன்செஷன் என்கிறது. கணவரின் விசாவில் வந்த பெண், அவருடைய வன்முறையால் உறவு முறிந்து வெளியேறினால், அரச உதவி பெறும் உரிமையோடு 3 மாத அனுமதி கேட்க ஒரு கன்செஷன் இருக்கிறது. 2024இலிருந்து மாணவர்கள், தொழிலாளர்களின் துணைவர்களுக்கும் அது உண்டு. அந்த அனுமதி கிடைத்தால் கணவரோடு சேர்த்து வாங்கிய விசா போய்விடும். ஆகவே முதலில் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் பேச வேண்டும். உங்கள் பக்கத்து அறையில் அப்படி ஒருவர் இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

தேர்தலில் தோற்றவர் எழுந்து நின்று தோல்வியை ஒப்புக்கொண்டு பேசுவதும் அங்கே கன்செஷன்தான். அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள். இலங்கை பொதுநலவாய நாடு என்பதால், மாணவர் விசாவில் அங்கே வசிக்கும் உங்களுக்கும் பொதுத்தேர்தலில் வாக்கு உண்டு. 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த வருடத் தேர்தல் சட்டமும் நம் தாத்தா, பாட்டிமாரின் வாக்கைப் பறித்த கதை உங்கள் வீட்டிலும் பேசப்பட்டிருக்கும். விலாசம் நிலையானதும் இணையத்தில் பதிந்துவிடுங்கள். தேசிய காப்புறுதி இலக்கம் கேட்பார்கள். இன்னும் வரவில்லை என்றால் காரணத்தை எழுதி அனுப்பலாம், வேறு அடையாள ஆவணம் கேட்பார்கள்.